மாட்டுப் பதிவேட்டை ஏஜென்டிடம் கொடுக்கும்போது விளக்கத்தில் என்ன எழுதுவது?

திருப்பூரில் மென்பொருள் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூலனூர் பக்கம் ஒரு பண்ணைக்கு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். காங்கயம் மாடுகள், சில கலப்பினக் கறவைகள், ஒரு செம்மறிப் பட்டி. பதிவுகள் எல்லாம் தரவுத்தளத்தில் உள்ளன. ஏஐ ஏஜென்ட், அதாவது கேள்விக்கு ஏற்பத் தானே வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு, அவற்றைத் தேடிப் பதில் சொல்வதற்காக ஒன்பது கருவிகள், அதாவது அது அழைத்துப் பயன்படுத்தும் சிறு நிரல்கள், எழுதினோம். எல்லாம் ஓடுகின்றன. ஆனாலும் ஏஜென்ட் அவ்வப்போது வேறு மாட்டைப் பற்றிப் பேசுகிறது. இந்தக் கருவிகளுக்கு ஆவணம் எழுதச் சொல்கிறார்கள். யாருக்காக எழுதுவது, எவ்வளவு எழுதுவது, தமிழிலா ஆங்கிலத்திலா?"

தம்பி, நீங்கள் அனுப்பிய ஒன்பது கருவிகளின் விளக்கங்களையும், தரவுத்தளப் பட்டியலையும், தவறான பதில் வந்த மூன்று நிகழ்வுகளின் குறிப்பையும் படித்தேன். "விலங்கின் விவரத்தைத் தரும்" என்று ஒன்று இருக்கிறது. "விலங்கு பற்றிய தகவலைப் பெறும்" என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று எழுதிய உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை, ஏஜென்டுக்கும் தெரியாது. அது வேறு மாட்டைப் பற்றிப் பேசுவதற்குப் பாதிக் காரணம் இங்கேயே இருக்கிறது.

ஏஜென்டின் கண்ணில் என்ன படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் பயன்படுத்துவது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி; ஏஜென்டையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்டது. அதில் ஏஜென்ட் முதலில், கருவிகளை வைத்திருக்கும் சர்வரிடம் கருவிப் பட்டியலைக் கேட்கும். ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஜேசன் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வடிவில் என்று சொல்லும் வரையறை) ஆகியவை வந்து சேரும். அவ்வளவுதான். உங்கள் குறிமுறையை அது பார்ப்பதில்லை. தரவுத்தளத்தின் அட்டவணைகளையும் பார்ப்பதில்லை. தனியாக நாற்பது பக்கத்தில் கையேடு எழுதி வைத்தாலும், நீங்களாக எடுத்துக் கொடுத்தால் ஒழிய, அதையும் பார்ப்பதில்லை. ஆக, ஏஜென்டுக்கான ஆவணம் என்றால் அந்த விளக்கமும் ஸ்கீமாவும்தான். எப்படி நிறுவுவது, யாருக்கு என்ன அனுமதி, காப்பு நகல் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் மனிதர்களுக்கானவை. அதை வழக்கம்போல் தனியே எழுதிக்கொள்ளுங்கள், அதில் நான் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை.

நாலு நாள் கல்யாண வேலையாக வெளியூர் போகிறோம், கட்டுத்தரையைப் புது ஆளிடம் விட்டுவிட்டுப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மாடுகளைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டு யாரும் பஸ் ஏறுவதில்லை. "கடைசியில் கட்டியிருப்பது உதைக்கும். சின்னக் கிடாரிக்குச் சினை ஊசி போட்டு இருபது நாள் ஆகிறது, கத்தினால் உடனே கூப்பிடு. கன்றுக்குப் பால் விட்டபிறகு கற" என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். நமக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாதது எதுவோ அதைச் சொல்வோம். மாட்டுக்கு நான்கு கால் என்று சொல்லமாட்டோம். உங்கள் விளக்கங்கள் இப்போது நான்கு காலைப் பற்றியே பேசுகின்றன.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் வெள்ளகோவில் பக்கம். அம்மா வைத்திருந்த நோட்டுப் புத்தகங்களைத் தரவுத்தளமாக்கி, ஒரு ஏஜென்டை இணைத்துக் கைப்பேசியில் கொடுத்தேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "மயிலைக்கு எப்போது ஊசி போட்டோம்?" ஏஜென்ட் கொஞ்சமும் தயங்காமல் ஒரு தேதியைச் சொன்னது. அம்மா கைப்பேசியை என்னிடமே நீட்டி, "அந்த மயிலையைக் கண்ணபுரம் சந்தையில் விற்று மூன்று வருடம் ஆகிறது" என்றார்.

காங்கயம் மாடு வளர்க்கும் வீட்டில் மயிலை என்பது ஒரு மாட்டின் பெயர் மட்டும் அல்ல. சாம்பல் நிறத்தில் நிற்கும் எந்த மாடும் மயிலைதான். எங்கள் பதிவில் மூன்று மயிலைகள் இருந்தன. ஒன்று விற்றது, ஒன்று செத்தது, ஒன்று கட்டுத்தரையில் நிற்கிறது. வீட்டில் யாருக்கும் குழப்பம் கிடையாது, ஏனென்றால் நிற்பது ஒன்றுதான். ஏஜென்டுக்கு மூன்றும் ஒரே தட்டில் வந்தன, முதலில் வந்ததை அது எடுத்துக்கொண்டது. அன்று நான் எழுதி வைத்திருந்த விளக்கம் இது: "விலங்கைப் பெயர் அல்லது எண்ணால் தேடும்." குறை ஏஜென்டிடம் இல்லை.

பிறகு அதை இப்படி மாற்றினேன். குறிமுறையில் கருவிப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன. இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்.

"மாடு_தேடு: பண்ணையிலுள்ள மாடு, எருமைகளைக் கூப்பிடும் பெயர், காதுவில்லை எண், அல்லது அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கொண்டு தேடும். செம்மறி, வெள்ளாட்டுக்கு இதைப் பயன்படுத்தாதே, அவற்றுக்குப் பட்டி_விவரம் இருக்கிறது. ஒரே பெயரில் பல மாடுகள் இருக்கலாம். ஒன்றுக்கு மேல் வந்தால் நீயாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே; ஒவ்வொன்றின் நிறம், எத்தனையாவது ஈற்று, கடைசிக் கன்று ஆகியவற்றைச் சொல்லி எந்த மாடு என்று கேள். நிலை என்ற உள்ளீடு இல்லாவிட்டால் இன்று பண்ணையில் இருப்பவற்றை மட்டும் தேடும். விற்றவையும் இறந்தவையும் வேண்டுமென்றால் நிலையை அனைத்தும் என்று கொடு. விடையில் வரும் உள்_எண்ணைத்தான் மற்ற கருவிகளுக்குக் கொடுக்க வேண்டும், பெயரை அல்ல."

நீளமாகத் தெரிகிறதா? இதில் எந்த வரியையும் நான் யோசித்து எழுதவில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு தவறான பதில் இருக்கிறது. குறிப்பாக "இதற்கு இதைப் பயன்படுத்தாதே" என்ற வகை வரிகள். கருவி எதற்கு உதவும் என்பதைப் பெயரைப் பார்த்தே ஏஜென்ட் ஓரளவு ஊகித்துவிடும். எதற்கு உதவாது என்பதை ஊகிக்க வழியே இல்லை.

காதுவில்லைக்கு வருவோம். அரசு போடும் மஞ்சள் வில்லையில் இருப்பது 12 இலக்க எண். முன்பு இனாஃப் என்ற அமைப்பிலும் இப்போது பாரத் பசுதன் தளத்திலும் ஒவ்வொரு மாட்டுக்கும் அந்த எண்தான் அடையாளம். ஸ்கீமாவில் இதை எண் வகையாக வைக்காதீர்கள், எழுத்துச்சரமாக வையுங்கள். காரணம் எளிது: யாராவது ஒருவர் அந்தப் பட்டியலை எக்செல்லில் திறப்பார். 11 இலக்கத்துக்கு மேல் போனால் எக்செல் அதை 1.2 பெருக்கல் பத்தின் அடுக்கு என்ற பாணியில் சுருக்கிக் காட்டும், அவர் அதை அப்படியே சேமித்துத் திருப்பி ஏற்றுவார். சரம் என்று வைத்து, "சரியாக 12 இலக்கம், இடைவெளி கூடாது" என்று ஸ்கீமாவிலேயே விதி எழுதினால் கதவிலேயே நின்றுவிடும். இன்னொன்று, வில்லை கழன்று விழும். கிளுவை வேலியில் மாட்டிக்கொண்டு காதே கிழிந்து வரும் மாடுகள் உண்டு. புது வில்லை போட்டால் எண் புதிது. அதனால் பழைய எண்ணும் அதே மாட்டைத்தான் காட்டும் என்பதைக் குறிமுறையிலும் செய்யுங்கள், விளக்கத்திலும் சொல்லுங்கள்.

நிறத்தில் ஒரு வேடிக்கை உண்டு. காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும், ஆறு மாதம் வாக்கில் சாம்பலுக்கு மாறும். காளைக்குத் திமிலிலும் முன்பின் பகுதிகளிலும் கருமை ஏறும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கருமை மங்கிவிடும். பிறந்த அன்று "செவலை" என்று பதிந்த கன்று இன்று மயிலையாக நிற்கிறது. "நம்மிடம் செவலை எத்தனை?" என்று கேட்டால் தரவுத்தளம் ஒரு கணக்குச் சொல்லும், கட்டுத்தரை வேறு கணக்குச் சொல்லும். "நிறம் என்பது பதிந்த நாளின் நிறம், நிறம்_பதிந்த_நாள் புலத்தையும் சேர்த்துப் பார்" என்று ஒரு வரி எழுதினால் போதும். மாட்டைத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஸ்கீமா எழுதுபவர் மாட்டைத் தெரிந்தவராக இருப்பது அபூர்வம், அங்கேதான் சிக்கல்.

உங்கள் தரவுத்தளத்தில் ஏஐ_தேதி என்று ஒரு புலம் பார்த்தேன், சிரித்துவிட்டேன். கால்நடைத் துறையில் ஏஐ என்றால் செயற்கைக் கருவூட்டல், நாம் சினை ஊசி என்கிறோமே அது. இந்த வழக்கு செயற்கை நுண்ணறிவு ஊருக்குள் வருவதற்கு வெகு முன்பே கால்நடை மருத்துவமனைப் பலகைகளில் ஏறிவிட்டது. உங்கள் ஏஜென்ட் ஒரு நாள் "இந்தப் பதிவு ஏஐயால் உருவாக்கப்பட்ட தேதி" என்று விளக்கம் சொன்னால் கோபப்படக் கூடாது. புலத்தின் பெயரைச் சினை_ஊசி_தேதி என்று மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் விளக்கத்தில் விரித்து எழுதுங்கள். "ஆடு" என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். ஒரு வீட்டில் அது வெள்ளாடு, அடுத்த வீட்டில் செம்மறி. ஸ்கீமாவில் இனத்தை மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு என்ற நான்கு மதிப்புகளோடு நிறுத்திவிட்டு, "பயனர் ஆடு என்று மட்டும் சொன்னால் எது என்று கேள்" என்று எழுதுங்கள்.

தேதியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 05-06-2025 என்பது ஜூன் 5 ஆகவும் இருக்கலாம், மே 6 ஆகவும் இருக்கலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை ஸ்கீமாவில் கட்டாயமாக்குங்கள். நம் ஊரில் "தை கடைசியில் ஈன்றது", "ஆடி பதினெட்டு அன்று ஊசி போட்டது" என்றுதான் பேச்சு வரும். ஆடி 18 என்றால் ஆகஸ்ட் 2 அல்லது 3 என்று ஏஜென்டுக்குப் பெரும்பாலும் தெரியும். ஆனால் "தை கடைசி" என்பதை ஒரே தேதியாக்கித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தொடக்கம், முடிவு என்று இரண்டு உள்ளீடுகள் வைத்து, "தோராயமான காலம் சொன்னால் இருபுறமும் பத்து நாள் தளர்த்தித் தேடு" என்று எழுதினேன், சரியாகிவிட்டது.

இனி வெற்றிடம். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிப் பதிவை எடுத்துக்கொள்வோம். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி. கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸுக்கு, நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை. இப்போது உங்கள் கருவி புருசெல்லோசிஸ் புலத்தில் வெற்று மதிப்பைத் திருப்பித் தருகிறது. அதற்கு என்ன பொருள்? காளைக் கன்றாக இருந்தால், அந்த ஊசி அதற்கு உரியதே அல்ல. மூன்று மாதக் கிடாரியாக இருந்தால், இன்னும் நேரம் வரவில்லை. அந்தியூர்ச் சந்தையில் வாங்கி வந்த நான்கு பல் மாடாக இருந்தால், பழைய இடத்தில் போட்டார்களா என்று உங்கள் பதிவுக்குத் தெரியாது. பண்ணையிலேயே பிறந்த ஆறு மாதக் கிடாரியாக இருந்தால், ஒன்று போடவில்லை, அல்லது போட்டு எழுதவில்லை. ஒரு வெற்றுக் கட்டத்துக்குள் ஐந்து செய்திகள் ஒளிந்திருக்கின்றன. ஏஜென்ட் ஐந்துக்கும் சேர்த்து "ஊசி போடப்படவில்லை" என்று சொல்லும். அதைக் கேட்டவர் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார்.

விளக்கத்தில் "வெற்று மதிப்பு என்றால் போடவில்லை என்று பொருள் அல்ல" என்று எழுதுவது முதல் படி. அதைவிட நல்லது, கருவியே வெற்று மதிப்பைத் தராமல் போட்டது, போடவில்லை, பொருந்தாது, தெரியாது என்று நான்கில் ஒன்றைச் சொல்லிவிடுவது. ஆவணத்தால் சரிக்கட்ட வேண்டிய நிலை வருகிறதென்றால் கருவியின் வடிவில் ஏதோ கோணல் என்று நான் எடுத்துக்கொள்வேன். கூடவே எல்லையையும் சொல்ல வேண்டும்: "இந்தக் கருவி பண்ணையின் சொந்தப் பதிவை மட்டும் பார்க்கிறது. கால்நடைத் துறையினர் போட்டு அரசுத் தளத்தில் மட்டும் ஏற்றிய ஊசிகள் இதில் இராது."

பாலிலும் இதே கதைதான். காலைக் கறவை சொசைட்டிக்குப் போகிறது, அளவு, கொழுப்பு, இதர சத்து எல்லாம் சீட்டில் வருகின்றன. மாலைக் கறவை வீட்டுக்கு, அதை யாரும் எழுதுவதில்லை. காங்கயம் மாட்டிலோ கன்று குடித்ததுபோக மீதிதான் செம்புக்குள் விழுகிறது. உங்கள் சராசரிக் கருவி வெற்றிடத்தைச் சுழியாக்கி, "இந்த மாடு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் தருகிறது" என்று சொன்னால், அதை நம்பி நல்ல மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். "பால்_அளவு என்பது எழுதப்பட்ட கறவையின் அளவு, மாட்டின் மொத்தப் பால் அல்ல. எழுதாத வேளைகளைச் சராசரியில் சேர்க்கவில்லை. அலகு லிட்டர்" என்று எழுதுங்கள். அலகைச் சொல்லாமல் விடவே கூடாது. ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ. ஒரு நாளில் தெரியாத வேறுபாடு மாதக் கணக்கில் தெரியும்.

மருந்துப் பதிவில் மட்டும் நான் கறாராக இருப்பேன். எதிர்உயிரி மருந்து போட்ட மாட்டின் பாலை மருந்தின் லேபிளில் சொல்லியிருக்கும் நாட்கள் வரை ஊற்றக் கூடாது. "இந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றலாமா?" என்று பண்ணையாள் கேட்பார். பதிவில் மருந்து எதுவும் இல்லாவிட்டால் ஏஜென்ட் "ஊற்றலாம்" என்று சொல்லத் துடிக்கும். என் விளக்கத்தில் இப்படி இருக்கிறது: "பதிவு இல்லாததைக் கொண்டு பால் பாதுகாப்பானது என்று சொல்லாதே. பதிவில் மருந்து எதுவும் இல்லை, மடி நோய்க்கோ காய்ச்சலுக்கோ இந்த வாரம் ஊசி போட்டீர்களா என்று கேள்." இந்த ஒரு கருவிக்கு மட்டும் விளக்கம் எவ்வளவு நீண்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது, பதிந்த உண்மையும் கணக்குப் போட்டு வந்ததும். ஜனவரி 10 அன்று சினை ஊசி போட்டால், 280 நாள் கணக்கில் அக்டோபர் 17 அன்று ஈனும் என்று உங்கள் கருவி தேதி தருகிறது. அது கணிப்பு, சில நாள் முன்பின் ஆகும். எருமைக்கு ஏறத்தாழ 310 நாள், செம்மறிக்கு ஏறத்தாழ 150 நாள். எந்தக் கணக்கைப் போட்டீர்கள் என்பதை விளக்கத்தில் சொல்லுங்கள், புலத்தின் பெயரிலேயே "கணித்த" என்ற சொல்லைச் சேருங்கள். அதைவிடப் பெரிய வேறுபாடு, ஊசி போட்ட மாடும் சினை மாடும் ஒன்றல்ல என்பது. 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்தால் ஊசி நிற்கவில்லை. இரண்டு, மூன்று மாதத்தில் மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொன்னபிறகுதான் சினை உறுதி. சினை_நிலை என்ற புலத்துக்கு ஆம், இல்லை என்ற இரண்டு மதிப்புகளை மட்டும் வைத்திருக்கிறீர்கள். நடுவில் "ஊசி போட்டது, இன்னும் பார்க்கவில்லை" என்று ஒரு நிலை இல்லாமல் எந்தக் கட்டுத்தரையும் இல்லை.

வாங்கிய மாடுகளின் பிறந்த தேதியையும் பாருங்கள். உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் ஜனவரி 1 அன்று பிறந்திருக்கின்றன. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து "இரண்டு பல்" என்று வாங்கியிருப்பார்கள், அதற்கு இரண்டு, இரண்டரை வயது இருக்கலாம். மென்பொருள் தேதி இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது, எதையோ அடித்திருக்கிறார்கள். அதை வைத்து ஏஜென்ட் "மூன்று வருடம் நான்கு மாதம் பன்னிரண்டு நாள்" என்று வயது சொல்கிறது. வயது_துல்லியம் என்று ஒரு புலம் சேருங்கள்: தெரிந்தது, பல் கணக்கு, ஊகம்.

செம்மறிப் பட்டிக்குத் தனி அணுகுமுறை வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் வில்லையும் பெயரும் இருப்பதில்லை. தலைக்கணக்குத்தான்: பெட்டை இத்தனை, கிடாய் இத்தனை, குட்டி இத்தனை. "இந்தக் கருவி தனி ஆட்டின் வரலாற்றைத் தராது" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒரு முறைக்கு 50 வரிசைகள் மட்டும் அனுப்புகிறீர்கள். பண்ணைக்காரர் "மொத்தம் எத்தனை உருப்படி?" என்று கேட்டால், ஏஜென்ட் வந்ததை எண்ணி "50" என்கிறது. நீங்கள் "தவறான பதில்" என்று எழுதியிருந்த மூன்று நிகழ்வுகளில் ஒன்று இதுதான். விடையில் மொத்த_எண்ணிக்கை, இன்னும்_உண்டு என்ற இரண்டையும் சேர்த்து, "எண்ணிக்கை கேட்டால் வரிசைகளை எண்ணாதே, மொத்த_எண்ணிக்கையைச் சொல்" என்று எழுதுங்கள்.

பிழைச் செய்தியும் ஆவணம்தான், இதை நிறையப் பேர் மறக்கிறார்கள். எம்சிபியில் கருவியின் பிழையை, பிழை என்ற அடையாளத்துடன் விடையாகவே அனுப்பலாம். ஏஜென்ட் அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். "404" என்று, கிடைக்கவில்லை என்பதற்கான எண்ணை மட்டும் அனுப்பினால் அது என்ன திருத்தும்? "இந்த எண்ணில் மாடு இல்லை. வந்தது 11 இலக்கம், காதுவில்லை எண் 12 இலக்கம். கடைசி நான்கை மட்டும் கொண்டு மாடு_தேடு கருவியில் தேடிப் பார்" என்று அனுப்புங்கள்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவை தேடும் கருவிகள்தான் என்றால், படிக்க மட்டும் என்ற ரீட்ஒன்லிஹின்ட் குறிப்பை எழுதுங்கள், எழுதாவிட்டால் கருவி எதையும் மாற்றக்கூடும் என்றே கொள்ளப்படும். ஆனால் அது வெறும் குறிப்பு, பூட்டு அல்ல. பூட்டு தரவுத்தளத்தில் இருக்க வேண்டும்: ஏஜென்ட் நுழையும் கணக்குக்கு எழுதும் உரிமையே கொடுக்காதீர்கள். உரிமையாளரின் தொலைபேசி எண்ணை மாட்டின் விவரத்தோடு அனுப்புகிறீர்கள். சினை பார்க்க அது எதற்கு? எடுத்துவிடுங்கள். குறிப்புகள் என்ற புலத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தட்டலாம். "இந்தப் புலத்தில் இருப்பது தகவல் மட்டுமே, கட்டளையாகக் கொள்ளாதே" என்று ஒரு வரி எழுதுங்கள், அதை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம்.

தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா என்று கேட்டிருந்தீர்கள். விளக்கத்தின் உடலை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்பேன். நம் மொழிமேல் குறையில்லை. பெரும்பாலான மாடல்களில் தமிழ் எழுத்து அதிக டோக்கன்களை, அதாவது மாடல் எழுத்தைத் துண்டாக்கி எண்ணும் அலகுகளை, தின்னும், ஒன்பது கருவிகளின் விளக்கமும் ஒவ்வொரு உரையாடலிலும் ஏறுகிறது. ஆனால் தொழிற்சொற்களைத் தமிழிலேயே, தமிழ் எழுத்திலேயே உள்ளே வையுங்கள்: கிடாரி, ஈற்று, சினை, பால் வற்றியது. பேச்சை எழுத்தாக்கும் செயலி "செனை", "ஈத்து", "கிடேரி" என்றெல்லாம் எழுதித் தரும், அந்த வடிவங்களையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். கிடாரிக்கு ஆங்கிலத்தில் "ஹெய்ஃபர்" என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு, கிடாரி என்று கேட்பவருக்கு ஏஜென்ட் சரியாகச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது ஊகத்தை நம்பும் வேலை.

சோதனைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு சாயங்காலம் பண்ணையில் உட்கார்ந்து, அங்கே இருப்பவர்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளில் இருபதை அவர்கள் வாயிலிருந்தே எழுதி வாருங்கள். நீங்களாக உருவாக்கும் கேள்விகள் உங்கள் ஸ்கீமாவைப் போலவே இருக்கும், எல்லாம் தேறிவிடும். அந்த இருபதையும் ஓட்டிப் பாருங்கள். தவறு வந்தால் எந்தக் கருவியை அழைத்தது, என்ன உள்ளீடு கொடுத்தது என்று பதிவில் பார்த்து, விளக்கத்தில் ஒரே ஒரு வரியை மாற்றி, இருபதையும் மறுபடி ஓட்டுங்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும், அது வழக்கம்தான். விளக்கங்களைக் குறிமுறை இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். தனிக் கோப்பில் வைத்தால் மூன்றாம் மாதத்தில் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும்.

இத்தனையும் திருத்தியபிறகு எங்கள் வீட்டு ஏஜென்டை மறுபடி அம்மாவிடம் கொடுத்தேன். மயிலையைக் கேட்டார். இந்த முறை நிற்கும் மயிலையைப் பற்றியே பேசியது, "ஐந்து மாதச் சினை, பார்த்து உறுதி செய்யப்பட்டது" என்றது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதை எழுதியது யார்? டாக்டரா, உன் அப்பாவா?" என்று கேட்டார். பதிவில் அது இல்லை. அன்று இரவே எல்லாக் கருவிகளின் விடையிலும் பதிந்தவர், பதிந்த நாள் என்ற இரண்டு புலங்களைச் சேர்த்தேன். உங்கள் ஒன்பதிலும் அவை இல்லை, முதலில் அதைச் சேர்த்துவிட்டு விளக்கங்களைத் திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன்.